அம்மனுக்குப் போன நெய்

புந்தோங், ஈப்போ
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் துளசிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம், கிளாஸ்கோ குளிரில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். நம்பிக்கொண்டு என்று ஏன் போட்டேன் என்றால், வீடியோவில் நீ காட்டுவது உன் நெற்றியையும் கூரை விளக்கையும் மட்டும்தான், அதை வைத்துப் பிள்ளை இளைத்திருக்கிறாளா தேறியிருக்கிறாளா என்று எப்படிச் சொல்வது. கைப்பேசி இருக்கும்போது இந்த மனிதர் ஏன் காகிதத்தைக் கெடுக்கிறார் என்று நீ சிரிப்பாய். கைப்பேசியில் பேசினால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்வதில் பாதியைத் திருத்துகிறாள், மீதிப் பாதிக்குத் தலையில் அடித்துக்கொள்கிறாள். இந்த விஷயத்தை நான் முழுதாகச் சொல்லி முடிக்க வேண்டும். எதிர்வீட்டுப் பவித்ரன் படிப்புக்காக உன் ஊருக்கே நாளை விமானம் ஏறுகிறான், அவன் பெட்டியில் முறுக்கும் அம்மா இடித்த மிளகாய்த்தூளும் போகின்றன, அவற்றுக்கு நடுவில் இந்தக் கடிதம். கடிதத்தில் காரம் அடித்தால் அது தூளாக இருக்கும், நானாக இருக்காது, ஏன் என்று படித்தால் புரியும்.

முதலில் வீட்டுச் செய்தி. ஈப்போவில் தினமும் மூன்று மணிக்கு மேல் மழை பிடித்துக்கொள்கிறது, பின்பக்கச் சாக்கடை நிரம்பிச் சமையலறைப் படி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது, நகராண்மைக் கழகத்துக்கு நான் எழுதிய புகார்களை அடுக்கியிருந்தாலே அந்தத் தண்ணீருக்கு அணை கட்டியிருக்கலாம். எனக்குக் கீழ்வரிசைப் பல் ஒன்று விழுந்துவிட்டது. பள்ளியில் என்னோடு வேலை பார்த்த ஒருவருக்குப் போன வாரம் பாராட்டு விழா நடந்தது, எனக்கு வரவேண்டிய துணைத் தலைமையாசிரியர் நாற்காலியில் போய் உட்கார்ந்தவர்தான், யாரென்று உனக்குத் தெரியும், சின்ன வயதில் நம் வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் நாய்கூட எழுந்து வெளியே போய்விடும். விழாவுக்குப் போகாமல் இருந்து என் எதிர்ப்பைக் காட்டினேன். நான் வரவில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லையாம். இப்போது அதற்குத் தனியாக ஒரு கோபம் வைத்திருக்கிறேன். பெயர் என்னவோ சன்னாசி, வாழ்க்கையில் நான் எதையும் விட்டதாகத் தெரியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ கூப்பிட்டபோது அம்மா குளித்துக்கொண்டிருந்தாள், நீ உன் ஆய்வுக்கூடத்து எலிகளைப் பற்றி என்னிடம் உற்சாகமாகச் சொன்னாய். எல்லா எலிகளும் ஒரே அளவுக்குக் கொழுத்தவை, தின்று கொழுத்த கொழுப்புதான் வேறு வேறு என்றாய். ஒரு கூட்டத்துக்கு வெண்ணெய், ஒரு கூட்டத்துக்குப் பன்றிக் கொழுப்பு, ஒரு கூட்டத்துக்குத் தேங்காய் எண்ணெய், இன்னொன்றுக்குப் பாமாயில். சாப்பிடும் கொழுப்பு வயிற்றோடு நின்றுவிடுவதில்லை, இரத்தத்தில் கலந்து, உடம்பைக் காவல் காக்கும் அணுக்களுக்கு உள்ளேயே போய்விடுகிறது என்றாய். வெண்ணெயும் பன்றிக் கொழுப்பும் தின்ற எலிகளில் அந்த அணுக்கள் சக்தி தயாரிக்கும் இடம் மந்தமாகிவிடுகிறது, புற்றுக் கட்டியைக் கொல்ல வேண்டிய அணு கட்டியின் பக்கத்திலேயே தெம்பில்லாமல் நிற்கிறது, கட்டி தன் பாட்டுக்கு வளர்கிறது, ஆனால் பாமாயிலும் தேங்காய் எண்ணெயும் தின்ற எலிகள் அதே அளவு குண்டாக இருந்தும் அவற்றின் காவல் அணுக்கள் அப்படிச் சோர்ந்துவிடவில்லை என்றாய். எனக்கு உடனே நம் பள்ளி வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா ஞாபகம் வந்தது, திருடன் மதில் ஏறும்போது நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அவர்தான். கடைசியில் நீ என் குணம் தெரிந்து, "அப்பா, இது எலி, மனுஷன் இல்ல. இத வச்சுக்கிட்டுக் கடையில போயி யாருக்கும் பாடம் எடுக்காதீங்க" என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் தெளிவாகத்தான் இருந்தது. பன்றிக் கொழுப்பு நம் வீட்டில் கிடையாது. நான் கேட்க நினைத்து, கேட்கப் பயந்தது இதுதான்: வெண்ணெய் அப்படி என்றால், அதை உருக்கினால் வரும் நெய்?

நான் ஏன் பயந்தேன் என்று நீ புரிந்துகொள்ள வேண்டுமானால் பாமாயிலுக்கும் எனக்கும் உள்ள பகையை ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும். சுங்கை சிப்புட்டில் நாங்கள் இருந்த தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டுப் பாமாயில் எடுக்கும் செம்பனையை நட்டார்கள், அதற்கு அத்தனை ஆள் தேவையில்லை என்று உன் தாத்தாவையும் சேர்த்து லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். அன்றிலிருந்து பாமாயில் என் வீட்டுக்குள் வராது என்று சபதம் எடுத்தேன். கம்பெனி அன்று முதல் இன்று வரை வருத்தப்பட்டதாகத் தகவல் இல்லை. இரசாயனம் படித்து முடித்ததும் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை ஒன்றில் நல்ல வேலை வந்தது, மாட்டேன் என்று கொள்கையோடு திருப்பி அனுப்பினேன், என் இடத்துக்குப் போனவன் வீட்டில் இப்போது நீச்சல் குளம் இருக்கிறது. வகுப்பில் நிறைவுற்ற கொழுப்பு அமிலம் பற்றி நடத்தும்போதெல்லாம் பாமாயிலைப் பலகையில் நிறுத்தி வைத்து உதைப்பேன், வெண்ணெயும் நெய்யும் அதே கட்சிதான் என்ற வரி வரும்போது அவசரமாகத் தாண்டிவிடுவேன். நல்ல மாணவர்கள் கவனித்திருப்பார்கள். இதற்கு நடுவில் அம்மாவின் அண்ணன், உன் தர்மா மாமா, அதே சுங்கை சிப்புட்டில் நிலம் வாங்கிச் செம்பனை போட்டார், அந்தக் காசில் பெரிய ஹைலக்ஸ் வாங்கினார், அந்த வண்டியில் ஏறுவதில்லை என்று நான் இரண்டாவது சபதம் எடுத்தேன். தீபாவளிக்குத் தீபாவளி அவர் என்னைச் சீண்டாமல் விட்டதில்லை. "என்ன மச்சான், காலையில சோப்பு போட்டுக் குளிச்சீங்களா? அப்ப என் தோட்டத்துலதான் குளிச்சிருக்கீங்க லா" என்பார். பிஸ்கட்டை எடுத்தால் "அதுலயும் நான்தான்" என்பார். கோலாலம்பூர் பஸ்ஸில் ஏறினால் டீசலில்கூட அவர் எண்ணெய் கலந்திருக்கிறதாம். ஆக நான் இத்தனை வருடம் போராடி அந்த எண்ணெயை என் சட்டியிலிருந்து மட்டும் விரட்டியிருந்தேன், உலகம் பூராவும் அது சுகமாக இருந்தது.

அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்து, அறுத்து எடுத்து, மருந்து ஏற்ற ஆரம்பித்த அந்த நாட்களில் நான் செய்த ஒரே வைத்தியம் நெய். டாக்டர் நன்றாகச் சாப்பிடச் சொன்னார், நான் அதை நெய் என்று புரிந்துகொண்டேன். லிட்டல் இந்தியா கடையில் நல்ல பசு நெய்யாகப் பார்த்து டின் டின்னாக வாங்கி வந்து வைப்பேன், அம்மா அதை எவர்சில்வர் கிண்ணத்தில் மாற்றி வைப்பாள், சாப்பாட்டு நேரத்தில் நானே கரண்டி எடுத்து அவள் சோற்றில் ஊற்றுவேன். அவள் போதும் போதும் என்பாள், நான் உடம்பு தேற வேண்டாமா என்று இன்னொரு கரண்டி ஊற்றுவேன். அவளுக்கு முடி கொட்டியது, நகம் கறுத்தது, என் ஏசி இல்லாத பழைய சாகா காரில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தர்மா மாமா வண்டி அனுப்பட்டுமா என்று கேட்டார், நான் வேண்டாம் என்றேன். மருந்து முடிந்தது, முடி வளர்ந்தது. நெய்தான் காரணம் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது ஒரு வருடம் கழித்து எடுத்த ஸ்கேன் படத்தின் முடிவை டாக்டர் வரப்போகும் புதன்கிழமைதான் சொல்லப்போகிறார், அந்த நேரத்தில் நீ எலிக்கதையோடு வந்தாய். கரண்டி என் கையில் இருந்தது, துளசி. அவளுடைய காவல்காரர்களுக்கு நானே வேளாவேளைக்கு மயக்க மருந்து ஊற்றியிருக்கிறேன் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அடுத்த சில நாட்கள் நான் இருந்த இருப்பைப் பார்த்திருந்தால் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்கு நீயே டிக்கெட் எடுத்திருப்பாய். நெய்க் கிண்ணத்தையும் டின்னையும் தூக்கிக் காரின் பின்பக்க பூட்டில் வைத்துப் பூட்டினேன். நீ முன்பு அனுப்பிய கட்டுரையைப் படிக்க உட்கார்ந்தேன், முதல் பக்கத்தில் புரியாத சொற்களுக்குக் கோடு போட்டேன், கடைசியில் கோடு போடாத இடம் ‘எலி’ மட்டும்தான். முப்பது வருடம் இரசாயனம் சொல்லிக்கொடுத்தவன். அம்மாவின் முகத்தை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தேன், அவள், "என்னங்க, என் மூஞ்சியில என்ன படமா ஓடுது?" என்று கேட்டாள். சோற்றில் வெறும் ரசத்தை ஊற்றினேன். "நெய் எங்க?" என்றாள். காலி என்றேன். "முந்தாநாள்தானே புது டின்னு வாங்கிட்டு வந்தீங்க?" என்றாள். எறும்பு விழுந்துவிட்டது என்றேன். மூடின டின்னுக்குள்ளயா என்று கேட்டாள், எனக்கு அதற்கு மேல் பொய் வரவில்லை, கோபப்பட்டேன். பதில் தெரியாத போதெல்லாம் நான் கோபப்படுவேன் என்று அவளுக்குத் தெரியும், அதனால் ரசத்தைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தர்மா மாமாவும் வீரம்மா அத்தையும் வாசலில் வந்து ஹாரன் அடித்தார்கள். வெள்ளிதோறும் அவர்கள் அம்மாவைப் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போவதும், நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்தபடி வழியனுப்புவதும் உனக்குத் தெரிந்ததுதான். மாமா கண்ணாடியை இறக்கி, "என்ன மச்சான், டின்னு எங்க? இந்த வாரம் அம்மனுக்கு நெய் இல்லையா?" என்றார். எந்த நெய் என்று கேட்டேன். அத்தை அவர் தொடையைக் கிள்ளியது எனக்குத் தெரிந்தது. மாமா ஸ்டியரிங்கைப் பார்த்தார், அத்தை மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். அதற்குள் அம்மா பூக்கூடையோடு வெளியே வந்து எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்து நடந்ததைப் புரிந்துகொண்டாள். "சரி, இனிமே மறைச்சு என்ன ஆகப்போவுது. நீங்க வாங்கிட்டு வந்த நெய்ய நான் ஒரு கரண்டி கூட சாப்பிடலைங்க. மொத மருந்து ஏத்துன மறுநாளே அந்த வாடை பட்டாலே கொடல் வெளிய வந்துரும் போல இருந்துச்சு. சொன்னா நீங்க அதவிட நல்ல நெய்யாத் தேடிப் புடிச்சு வாங்கிட்டு வருவீங்க. அதான் அண்ணிகிட்டச் சொன்னேன்" என்றாள். வீரம்மா அத்தை கண்ணாடி வழியாகத் தலையை நீட்டி, "கோவிச்சுக்காதீங்கண்ணே, கிண்ணத்துல ஊத்தி வச்சதெல்லாம் நான் கொண்டாந்த நெய்தான், வாடை இல்லாதது, கடையில தாவர நெய்னு விக்கிறானே அது. உங்க நெய்யெல்லாம் அம்மனுக்கு வெளக்குப் போட்டாச்சு" என்றார். அது எதில் செய்தது என்று கேட்டேன். அத்தை தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கடைசியில் மாமாதான், ஏதோ களவு போன பொருளைத் திருப்பித் தருகிறவர் மாதிரி மெதுவாக, "நம்ம சாமான்தான் மச்சான். செம்பனை" என்றார்.

நான் சாக்கடைத் திட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை, இரண்டும் கலந்து ஒரு சத்தம் வந்தது, எதிர்வீட்டில் கதவைத் திறந்து பார்த்தார்கள். அம்மா பயந்துபோய், "ஒரு கிண்ணம் நெய்க்குப் போயி யாராச்சும் அழுவாங்களா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். எலிக்கதையை அங்கேயே, தெருவிலேயே உட்கார்ந்து சொன்னேன், பூட்டில் இருக்கும் டின்னையும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு மாமா, "அப்ப என் எண்ணெய்தான் தங்கச்சியக் காப்பாத்துச்சுன்னு சொல்றீங்க" என்றார். அப்படிச் சொல்ல முடியாது, அது எலிக்குத்தான், மனிதருக்கு இன்னும் தெரியாது, நெய் கெடுத்திருக்கும் என்றும் சொல்ல முடியாது, பாமாயில் மருந்தும் இல்லை என்று நீ எனக்குச் சொன்னதோடு இரண்டு வரி சேர்த்து அவருக்குச் சொன்னேன். "எலிக்கே அப்படின்னா போதும் லா மச்சான்" என்று முடித்துவிட்டார்.

இதில் என்னை அதிகம் உறுத்துகிற இடம் வேறு. அந்தக் கிண்ணத்து நெய்யைத் தினமும் என் சோற்றிலும் ஊற்றிக்கொண்டு, "இதுதான்டி நெய், வாசலிலேயே மணக்குது" என்று ஒரு வருடமாகப் பாராட்டியிருக்கிறேன். கோவிட் வந்துபோனதிலிருந்து எனக்கு மூக்கு வேலை செய்வதில்லை, அதை யாரிடமும் சொல்லாமல் கௌரவமாக வைத்திருந்தேன், அம்மாவுக்கு அது முதல் வாரமே தெரிந்துவிட்டதாம். அதுகூடப் பரவாயில்லை. சோப்பு, பிஸ்கட், பஸ் டீசல் என்று எதிலும் விடாமல் என்னைச் சீண்டிய தர்மா மாமா, வாழ்நாளில் கிடைக்காத இந்த ஒரு துருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தீபாவளியை எப்படிச் சும்மா கடந்து போனார்? அதை அவரிடமே கேட்டேன். "என் தங்கச்சி மங்களம் ஒரு வாய் சோறு எறங்காம கெடந்தா. அந்த நேரத்துல என் எண்ணெயத்தான் திங்கிறீங்கன்னு உங்ககிட்ட வந்து நான் கொண்டாடவா? நீங்க கிண்ணத்தத் தூக்கி வீசிருப்பீங்க, அவ பட்டினி கெடந்திருப்பா" என்றார். வீசியிருப்பேன்தான். அந்த மனிதர் என்னைவிட நல்லவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, என்னை என்னைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார் என்று மட்டும் எழுதிவைக்கிறேன்.

அதன்பிறகு அவர் பின்கதவைத் திறந்து, "ஏறுங்க மச்சான், உங்க நெய் எப்படி எரியுதுன்னு வந்து பாருங்க" என்றார். ஏறினேன். ஏசி நன்றாக இருக்கிறது, இருக்கை அகலமாக இருக்கிறது, அம்மா இந்தக் குளிர்ச்சியில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம் என்று சுங்கை சிப்புட் வரை வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன், வாய்விட்டுச் சொல்லவில்லை. லயம் இருந்த இடமெல்லாம் செம்பனைதான், நடுவில் கோயில் மட்டும் தகரக் கூரையோடு நிற்கிறது. நான் பூட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போன டின்னைப் பார்த்ததும் பூசாரி, "சார் வீட்டு நெய்யா? வருஷம் பூரா அம்மனுக்கு ராஜ உபசாரம்தான் போங்க" என்றார். சிலைக்குப் பின்னால் சுவர் முழுக்க என் வைத்தியம் கரியாகப் படிந்திருந்தது. என் மனைவிக்குப் போக வேண்டிய அத்தனை நெய்யும் அம்மனுக்குப் போயிருக்கிறது, அம்மனுடைய காவல் அணுக்கள் எந்த நிலையில் இருக்கின்றனவோ, உன் ஆய்வுக்கூடத்தில் கேட்டுப் பார். விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. அம்மா அதன் முன்னால் நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், நானும் பக்கத்தில் நின்றேன், புதன்கிழமையைத் தவிர எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலையில் மளிகைக் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் சமையல் எண்ணெய் கேட்டேன். கடைக்காரர் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார், "உங்களுக்கா சார்?" என்றார், ஆமாம் என்றேன், அவருக்கு இதே கடையில் நின்று நான் எடுத்த வகுப்புகள் எல்லாம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பவித்ரன் பெட்டியில் வரும் முறுக்கு அந்த எண்ணெயில் பொரித்தது. மாவைப் பிழிந்தது நான், அதனால் உருவத்தைப் பார்த்துப் பயப்படாதே, ருசி அம்மாவுடையது. அளவாகச் சாப்பிடு, எண்ணெய் எந்த மரத்துடையதானாலும் எண்ணெய்தான், இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது பார். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, ஆய்வுக்கூடத்தில் இரவு வரை உட்காராதே, எலிகள் எங்கும் போய்விடாது. பவித்ரன் நல்ல பையன்தான், ஆனால் அவனுக்குச் சோறு வடிக்கத் தெரியாது, ஒருநாள் காட்டிக்கொடு. உனக்கு மேலே இருப்பவர் உன் வேலையைத் தன் பெயரில் போட்டுக்கொண்டால் சண்டை போடு, ஆனால் அன்றைக்கே போட்டு முடித்துவிடு, என்னைப்போல் வருடக்கணக்கில் ஊறவைக்காதே, ஊறுகாய்தான் அப்படி ருசிக்கும், மனிதன் ருசிப்பதில்லை.

அம்மன் கண் உன்மேல் இருக்கட்டும். நீ தொட்ட வேலை துலங்கட்டும், அம்மாவின் பொறுமையும் மூக்கும் உனக்கு வாய்க்கட்டும், என்னிடமிருந்து உயரம் மட்டும் போதும். வருகிற புதன்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குத் தர்மா மாமா வண்டியில்தான் போகிறோம், அம்மா முன்னால், நான் பின்னால். உன் ஊரில் அப்போது விடிந்திருக்காது, கைப்பேசியைச் சத்தத்தோடு தலைமாட்டில் வைத்துக்கொண்டு படு. ஒன்றை மறந்துவிடாதே: டாக்டர் என்ன சொன்னாலும் அதை உனக்கு நான்தான் சொல்வேன். நல்ல செய்தி என்றால் மாமா எனக்கு முந்தி உன்னைக் கூப்பிடப் பார்ப்பார், ஆஸ்பத்திரி வாசலிலேயே கைப்பேசியை எடுத்துவிடுவார், எனக்கு அவரைத் தெரியும். அவர் பெயர் வந்தால் எடுக்காதே. அதைச் சொல்கிற உரிமையை அவருக்கு விட்டுக்கொடுக்கிற அளவுக்கு நான் இன்னும் திருந்தவில்லை.

உன் அப்பா,
சன்னாசி